அணுக்கரு இலக்குத் தயாரிப்பு மாநாட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆய்வுச் சுருக்கம் அனுப்பலாமா?

நல்லூர்_மென்படலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பட்ட மேற்படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறேன். எனது ஆய்வு சூரியக்கலங்களுக்கான மென்படலங்கள் பற்றியது. கண்ணாடித் தகடுகளின் மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் படலங்களைப் பூசுவதும், அவற்றின் மேல் வெற்றிட ஆவியாக்கல் முறையில் வெள்ளி, பொன் போன்ற உலோக மின்வாய்களைப் படிவிப்பதும், அப்படலங்களின் தடிப்பை அளப்பதுமே இதுவரை நான் செய்துவந்த வேலை.

அண்மையில் மென்படலங்கள் தொடர்பான கட்டுரைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆர்முடுக்கிகளில் (அயன்களை மிகு வேகத்திற் செலுத்தும் பொறிகளில்) பயன்படும் இலக்குகளை, அதாவது அந்த அயன் கற்றை மோதும் படலங்களை, தயாரிப்பது பற்றியே ஒரு சர்வதேசச் சங்கம் இருப்பதையும், அது தொடர்ச்சியாக மாநாடுகளை நடத்தி வருவதையும் அறிந்தேன். அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளின் தலைப்புகளைப் பார்த்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது, ஏனெனில் அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவை ஆவியாக்கல், படிவித்தல், மின்முலாமிடல், படலம் கிழிதல், படலம் சுருங்குதல் என்று எங்கள் ஆய்வுகூடத்தில் நாள்தோறும் பேசப்படும் விடயங்களாகவே இருந்தன.

ஆனாலும் எனக்குச் சில ஐயங்கள் உள்ளன. அயன் கற்றை மோதுவதற்கு ஓர் உலோகத் தகடு வேண்டும் என்பதுதான் இலக்கு என்றால், அதை விற்பனை நிறுவனங்களிடம் வாங்கிவிடலாமே. அதற்கென்று உலகெங்கும் இருந்து ஆட்கள் கூடி ஒரு வாரம் பேச என்ன இருக்கிறது? அணுக்கரு ஆய்வுக்கான ஆர்முடுக்கி ஒன்றும் இல்லாத நாட்டிலிருந்து, சூரியக்கலப் படலங்களைச் செய்து பழகிய ஒருவர் அங்கே ஆய்வுச் சுருக்கம் அனுப்பினால் அதை ஒரு பொருட்டாக எடுப்பார்களா? இத்துறையில் வேலை செய்தவர்கள் யாரேனும் இங்கு இருந்தால் விளக்கி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காரைநகர்_ரைன்நதி எழுதியது:

அன்புத் தங்கைக்கு வணக்கம். நான் காரைநகரைச் சேர்ந்தவள். இரசாயனவியல் படித்து, ஜேர்மனியில் ஓர் ஆய்வு நிலையத்தின் இலக்கு ஆய்வுகூடத்தில் பல காலமாக வேலை செய்து வருகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு ஆம் என்பதே என் பதில். ஏன் ஆம் என்பதை விளக்கச் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் குறிப்பிடுவது சர்வதேச அணுக்கரு இலக்கு மேம்பாட்டுச் சங்கம். 1970களில் தொடங்கிய இச்சங்கம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை மாநாட்டைக் கூட்டுகிறது. 2012இல் ஜேர்மனியின் மைன்ஸ் நகரிலும், 2014இல் ரோக்கியோவிலும், 2016இல் தென்னாபிரிக்காவின் கேப்டவுனிலும், 2018இல் அமெரிக்காவின் ஈஸ்ற் லான்சிங்கிலும் நடந்தது. பெருந்தொற்றினால் ஏற்பட்ட இடைவெளிக்குப் பிறகு 2022இல் சுவிற்சர்லாந்தின் பவுல் ஷெரர் நிறுவனத்தில் கூடினார்கள். அணுக்கருப் பௌதிகவியலின் பெருமாநாடுகளோடு ஒப்பிட்டால் இது சிறியது. வருபவர்களும் வேறு வகையினர். பேராசிரியர்களுக்குப் பக்கத்திலேயே, வாழ்நாள் முழுவதும் படலம் செய்த தொழில்நுட்பவியலாளர்களும், சமதானிகளை (ஒரே மூலகத்தின், நிறையில் வேறுபடும் அணு வகைகளை) சுத்திகரிக்கும் இரசாயனவியலாளர்களும், உலோகத்தை உருட்டித் தகடாக்கும் உருளை ஆலை இயக்குபவர்களும் அமர்ந்திருப்பார்கள். என் அனுபவத்தில் அங்கே மிகவும் விரும்பிக் கேட்கப்படும் உரைகள், ஒரு படலம் ஏன் உடைந்தது என்பதை மறைக்காமல் சொல்பவையே. இத்துறையின் அறிவிற் பெரும்பகுதி கைப்பழக்கமாகவே இருப்பதால், ஒருவர் ஓய்வு பெற்றுப் போனால் ஒரு செய்முறையே மறைந்துபோகும் ஆபத்து எப்போதும் உண்டு.

இனி, கடையில் ஏன் வாங்க முடியாது என்ற கேள்விக்கு வருகிறேன். கைகர், மார்ஸ்டன் ஆகியோர் 1909இல் பொற்றகட்டின் மீது அல்பாத் துணிக்கைகளை மோதவிட்ட காலத்திற் பொன்தட்டுபவர்கள் அடித்துத் தந்த மெல்லிய தகடு போதுமாக இருந்தது. இன்று கேட்கப்படுவது அப்படி அன்று. இலக்கின் தடிப்பை நாங்கள் நீள அலகிற் சொல்வதில்லை; ஒரு சதுர சென்றிமீற்றருக்கு எத்தனை மைக்கிரோகிராம் என்றே சொல்கிறோம், ஏனெனில் கற்றை வழியில் எத்தனை கருக்களைச் சந்திக்கிறது என்பதே பரிசோதனைக்கு முக்கியம். சதுர சென்றிமீற்றருக்கு 1 மில்லிகிராம் உள்ள பொற்படலம் ஏறத்தாழ அரை மைக்கிரோமீற்றர் தடிப்புடையது. 20 மைக்கிரோகிராம் உள்ள காபன் படலம் ஒரு மைக்கிரோமீற்றரின் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் காபன் படலம், பின்னால் கண்ணாடியோ வேறு தாங்கியோ இல்லாமல், நடுவில் துளையுள்ள ஓர் உலோகச் சட்டத்தில் தானாகவே நிற்க வேண்டும். படலம் தடித்துவிட்டால் அயன்கள் உள்ளேயே சக்தியை இழந்து, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு இழப்போடு வெளியேறும். கருவின் அருகருகே உள்ள இரண்டு சக்தி மட்டங்களைப் பிறகு பிரித்தறிய முடியாது. மெலிந்துவிட்டால் தாக்கங்கள் போதாமல் நாட்கணக்கிற் காத்திருக்க நேரும். ஆகவே ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதற்கென்றே அளந்து செய்த இலக்கு தேவைப்படுகிறது.

இதைவிடப் பெரிய காரணம் சமதானி. பல பரிசோதனைகளுக்கு ஒரு மூலகத்தின் குறித்த ஒரு சமதானி மட்டுமே வேண்டும். கல்சியத்தின் 48 என்ற சமதானி இயற்கைக் கல்சியத்தில் 0.187 சதவீதமே உள்ளது. செறிவூட்டப்பட்ட நிலையில் இது சில மில்லிகிராம் அளவில், மிகுந்த விலைக்கு, பெரும்பாலும் காபனேற்றாகவே வந்து சேரும். அதை உலோகமாக ஒடுக்கி, காற்றுப்பட்டு ஒட்சைட்டாக மாறுவதற்கு முன் படலமாக்கி, ஆகன் வாயுவிலோ வெற்றிடத்திலோ வைத்துக் காக்க வேண்டும்.

உங்கள் ஆவியாக்கிக்கும் எங்கள் ஆவியாக்கிக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் தொடங்குகிறது. ஒரு புள்ளி மூலத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் சமமாக ஆவி பரவுகிறது என்று கொள்ளுங்கள். மூலத்துக்கும் தகட்டுக்கும் இடைத்தூரம் 10 சென்றிமீற்றர் என்றால் ஆவி பரவும் கோளத்தின் பரப்பு ஏறத்தாழ 1257 சதுர சென்றிமீற்றர். 100 மில்லிகிராம் பொருளை ஆவியாக்கினால் உங்களுக்குக் கிடைப்பது சதுர சென்றிமீற்றருக்கு 80 மைக்கிரோகிராம் மட்டுமே. தட்டையான சிறு மூலமாக இருந்தால் நேர் எதிரே நான்கு மடங்கு வரை கிடைக்கும். எஞ்சியது முழுவதும் மணிச்சாடியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளியை இப்படி வீணாக்குவதைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருக்க மாட்டீர்கள். செறிவூட்டிய சமதானியை இப்படிச் செலவழிக்க எந்த நிலையமும் இணங்காது. எனவே தூரத்தைக் குறைப்பது, மூலக்குழியின் வாயைக் குறுக்கி ஆவியை ஒரு திசைக்குச் செலுத்துவது, சுவரில் ஒட்டியதைக் கழுவி மீட்பது என்று மாநாட்டிற் பல உரைகள் இதைச் சுற்றியே நடக்கும். நெகிழ்ச்சியான உலோகமாக இருந்தால், இரண்டு மெருகிட்ட துருவேறா உருக்குத் தகடுகளுக்கிடையே வைத்து உருட்டி மெலிதாக்குவதே நல்லது. அதிற் பொருள் அனேகமாக வீணாவதே இல்லை. ஆனால் சில நூறு மைக்கிரோகிராமுக்குக் கீழே இறங்கினால் உருட்டிய தகட்டில் ஊசித்துளைகள் விழத் தொடங்கும்.

தாங்கியில்லாத படலத்தை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் தகட்டில் முதலில் நீரிற் கரையும் ஒரு விடுவிப்புப் படை பூசப்படும்: சாதாரண உப்பு, பேரியம் குளோரைட்டு, அல்லது ஒரு சவர்க்காரப் பொருள். அதன் மேல் காபனைப் படிவித்து, தகட்டைச் சாய்வாகப் பிடித்துக் காய்ச்சி வடித்த நீருக்குள் மிக மெதுவாக இறக்கினால், படலம் பாலாடை போல் நீர்ப்பரப்பில் மிதக்கும். கீழிருந்து சட்டத்தைக் கொண்டுவந்து அதை அள்ளியெடுப்பார்கள். (ஆனையிறவு உப்பு போதுமா என்று கேட்டுவிடாதீர்கள். அதிலுள்ள மகனீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து உங்கள் படலத்தைக் கெடுத்துவிடும்.) எங்கள் ஊரின் ஈரக்காற்று இந்த வேலைக்கு உண்மையிலேயே ஓர் எதிரி. விடுவிப்புப் படை பூசிய தகட்டை ஓர் இரவு வெளியில் வைத்தால், மறுநாள் அது சொரசொரப்பாகி, அதன் மேற்படியும் காபனும் அதே சொரசொரப்பைப் பெற்றுவிடும். இதைப் பற்றி எழுத உங்களிடம் நிறைய இருக்கும் என்றே நினைக்கிறேன்.

காவிரிக்கரையான் எழுதியது:

வணக்கம். நான் தமிழ்நாட்டைச் சேர்ந்தவன். ஆய்வு மாணவனாக இருந்தபோது புது தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில் பரிசோதனைகள் செய்திருக்கிறேன். மேலே எழுதிய அம்மையார் தயாரிப்பைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். அதில் விடுபட்ட இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

அந்த மையத்தில் பெல்லட்ரான் எனப்படும், உயர் மின்னழுத்தத்தால் அயனிகளை முடுக்கும் வகை முடுக்கி ஒன்று இயங்குகிறது. நாட்டின் பல பல்கலைக்கழகங்களிலிருந்தும் மாணவர்கள் கற்றை நேரம் பெற்று அங்கே வருகிறார்கள். அவர்களில் பலர் தங்களுக்கு வேண்டிய இலக்குகளை அங்குள்ள இலக்கு ஆய்வகத்தில், அங்குள்ளவர்களின் வழிகாட்டுதலில், தாங்களே செய்துகொள்கிறார்கள். முடுக்கி இல்லாத பல்கலைக்கழகத்திலிருந்து வந்து இலக்கு செய்யக் கற்றுக்கொண்டு, அந்த அனுபவத்தையே கட்டுரையாக எழுதியவர்கள் இந்தியாவில் ஏராளம். ஆகவே நாட்டில் முடுக்கி இல்லை என்பதைத் தகுதிக் குறைவாக நீங்கள் எண்ண வேண்டியதில்லை.

இலக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை அளந்து காட்டாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது முதற்செய்தி. எடையைப் பரப்பால் வகுப்பது எளிய வழி. அது சராசரியை மட்டுமே தரும். அமெரிசியம் 241 வெளியிடும் 5.486 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்பா துகள்களைப் படலத்தின் வழியே செலுத்தி, ஆற்றல் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது இன்னொரு வழி. சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள தங்கப் படலத்தில் ஏறத்தாழ 0.2 மெகா எலக்ட்ரான் வோல்ட் குறையும். குறுகிய துளை வழியாகப் படலத்தின் வெவ்வேறு இடங்களில் அளந்தால் சீரின்மையும் தெரிந்துவிடும். தூய்மையும் அளக்கப்பட வேண்டும். வெற்றிடத்தை உண்டாக்க எண்ணெய் விரவல் பம்பு பயன்படுத்தும் அறைகளில், கற்றை விழும் இடத்தில் எண்ணெயாவி சிதைந்து கார்பன் படிவது பழைய தொல்லை. அந்தக் கார்பனும், ஆவியாக்கும்போது பொருளை வைத்துச் சூடாக்கும் டாண்டலம் படகிலிருந்து வரும் அசுத்தமும், பரிசோதனைத் தரவில் வேண்டாத உச்சங்களாக வந்து நிற்கும். எங்கள் குழுவில் ஒருமுறை அணுக்கருவின் புதிய ஆற்றல் நிலை ஒன்றைக் கண்டுவிட்டதாக இரண்டு நாள் மகிழ்ந்திருந்தார்கள். அது ஆக்சிஜன் என்று பிறகு தெரிந்தது.

இரண்டாவது செய்தி வெப்பம். ஒரு மைக்ரோ ஆம்பியர் துகள் ஓட்டமுள்ள கற்றையில் ஒவ்வொரு அயனியும் இலக்கில் 3 மெகா எலக்ட்ரான் வோல்ட் இழந்தால், இலக்கில் 3 வாட் வெப்பம் சேரும். எண் சிறியதாகத் தோன்றலாம். மைக்ரோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள படலம் வெற்றிடத்தில் அதை வெளியேற்றுவதற்குக் கதிர்வீச்சையும், சட்டம் வழியான சிறிதளவு கடத்தலையும் தவிர வேறு வழியில்லை. ஈயம் 327 பாகை செல்சியசிலும் பிஸ்மத் 271 பாகையிலும் உருகிவிடும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 107 முதல் 112 வரையான தனிமங்களைக் கண்டறிந்த பரிசோதனைகளில் இலக்குகளாக இருந்தவை இந்த இரண்டுமே. அங்கே வளைந்த துண்டுகளாகச் செய்த ஈயப் படலங்களை ஒரு சக்கரத்தின் விளிம்பில் பொருத்தி, கற்றையின் துடிப்போடு இசைந்து சுழலவிட்டார்கள்; படலத்தின் இருபுறமும் மெல்லிய கார்பன் பூச்சும் இருந்தது. பின்னர் 1100 பாகைக்கு மேல்தான் உருகும் ஈய சல்பைடு போன்ற சேர்மங்களையும் முயன்றார்கள். ஜப்பானின் ரைகன் நிறுவனத்தில் 113ஆம் தனிமத்துக்காகத் துத்தநாகம் 70 அயனிகளைச் சுழலும் பிஸ்மத் இலக்கில் மோதவிட்டு, 2004, 2005, 2012 ஆகிய ஆண்டுகளில் மொத்தம் மூன்றே நிகழ்வுகளைக் கண்டார்கள். அத்தனை நீண்ட காத்திருப்பில் இலக்கு உருகாமல் நிற்பது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கோப்பாய்_இரசாயனம் எழுதியது:

பிள்ளை, நான் ஓய்வு பெற்ற இரசாயனவியல் ஆசிரியர். இந்த இழையை வாசித்தபோது, உயர்தர வகுப்பில் ஆவர்த்தன அட்டவணையின் கடைசி வரிசையைப் படிப்பிக்கையில் நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. அது இலக்குத் தயாரிப்பைப் பற்றியதே என்பதால் இங்கு எழுதுகிறேன்.

117ஆம் மூலகத்தை உருவாக்குவதற்குக் கல்சியம் 48 அயன்களை பேர்க்கிலியம் 249 இலக்கின் மீது மோதவிட வேண்டியிருந்தது. அந்தப் பேர்க்கிலியத்தின் அரைவாழ்வுக் காலம் சுமார் 330 நாட்கள் மட்டுமே. அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தில் அணு உலையில் ஆக்கி, வேறாக்கிச் சுத்திகரித்து முடித்தபோது கையில் இருந்தது 22 மில்லிகிராம். அது இரசியாவின் திமித்ரோவ்கிராதுக்கு அனுப்பப்பட்டு, அங்கே மெல்லிய தைத்தேனியத் தகட்டின் மேல் இலக்காகப் படிவிக்கப்பட்டு, பின்னர் துப்னாவில் உள்ள ஆர்முடுக்கிக்குச் சென்றது. 2009 நடுப்பகுதியில் பரிசோதனை தொடங்கியது. 2010இல் ஆறு அணுக்கள் கண்டறியப்பட்டதாக அறிவித்தார்கள். ஆவியாக்கி வீணாக்குவதற்கு அங்கே இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பேர்க்கிலியம் போன்ற பாரமான அத்தினைட்டு மூலகங்களை ஐசோபுரோப்பனோல் போன்ற சேதனக் கரைப்பானிற் கரைத்து, சில நூறு வோற்றளவில் மின்னழுத்தம் கொடுத்துப் படிவிக்கும் முறை பெரிதும் கையாளப்படுகிறது. ஏறத்தாழப் பொருள் முழுவதும் தகட்டிலேயே இறங்கிவிடும்.

ஆனால் இத்தகைய கதிர்த்தொழிற்பாட்டு இலக்குகளின் பக்கம் இப்போதைக்கு நீங்கள் போக வேண்டாம் என்பதே என் கருத்து. மேலே தம்பி சொன்ன அமெரிசியக் கதிர் மூலத்தைக்கூட இங்கே நினைத்தவுடன் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அதற்கு உரிய அனுமதிப்பத்திரம் வேண்டும். அது கிடைக்கும் வரை தராசில் நிறுப்பதும், படியும் படலத்தின் தடிப்பைப் பளிங்கின் அதிர்வைக் கொண்டு அளக்கும் பளிங்குத் தடிப்புமானியும் போதும். இன்னொன்றையும் மறைக்காமற் சொல்கிறேன். நாங்கள் பயிற்றுவித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி ஒரு மாநாட்டுக்குப் போய், அங்கேயே ஒரு வேலையைப் பெற்று, திரும்பி வராமல் இருப்பதைப் பல முறை பார்த்துவிட்டேன். போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

நல்லூர்_மென்படலம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சேர், உங்கள் கவலை எனக்கும் விளங்குகிறது. அதற்கு இப்போது என்னிடம் நேரான மறுமொழி இல்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் வெற்றிட ஆவியாக்கி, பளிங்குத் தடிப்புமானி, நுண்தராசு ஆகியவை உள்ளன. இலத்திரன் கற்றையாற் பொருளைச் சூடாக்கி ஆவியாக்கும் இலத்திரன் துவக்கு இல்லை. காபனை எப்படி ஆவியாக்குவது, எதை முன்வைத்து ஆய்வுச் சுருக்கம் எழுதுவது என்பதை மட்டும் அக்கா சற்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

காரைநகர்_ரைன்நதி எழுதியது:

இலத்திரன் துவக்கு இல்லாவிட்டாற் பரவாயில்லை. இரண்டு தூய காரீயக் கோல்களின் (ஈயம் அன்று; காபனின் ஒரு வடிவமான கிராபைற்று) கூர்முனைகளைத் தொடவைத்து உயர்ந்த மின்னோட்டம் செலுத்தினால், வெற்றிடத்தில் மின்வில் உண்டாகிக் காபன் ஆவியாகும். பழைய இலக்கு ஆய்வுகூடங்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கின. மின்வில்லை நீண்ட நேரம் எரிய விடாமல், குறுகிய துடிப்புகளாகக் கொடுத்து இடையிற் குளிர விடுங்கள். தொடர்ந்து எரித்தால் தீப்பொறித் துணிக்கைகள் தெறித்துப் படலத்தில் துளையிடும். தகடும் சூடேறி விடுவிப்புப் படை கெட்டுப்போகும்.

ஆய்வுச் சுருக்கத்துக்கு நான் முன்மொழியும் பொருள் ஒன்றே: ஈரப்பதன் மிகுந்த சூழலில் எந்த விடுவிப்புப் படை தாக்குப்பிடிக்கிறது என்பது. சோடியம் குளோரைட்டு, பேரியம் குளோரைட்டு, ஒரு சவர்க்காரப் பொருள் ஆகியவற்றைப் பூசிய தகடுகளை வெவ்வேறு ஈரப்பதனில் வெவ்வேறு நேரம் வைத்து, பின்னர் ஒரே தடவையில் எல்லாவற்றிலும் காபனைப் படிவித்து, மிதக்கவிட்டு எடுங்கள். மிதந்த படலம் சுருளுகிறதா, கிழிகிறதா, சட்டத்தில் எடுத்த பிறகு எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள். படலத்தின் உள்ளே தங்கும் இழுவையைக் குறைக்கக் கண்ணாடியோடு சேர்த்து மெதுவாகச் சூடாக்கி ஆறவிடும் வழக்கம் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். குளிர்நாட்டு ஆய்வுகூடங்களிற் காற்று வறண்டிருப்பதால் இந்தக் கேள்வியை நாங்கள் ஒழுங்காக ஆராய்ந்ததே இல்லை. கோடையில் மட்டும் படலங்கள் ஏன் கெடுகின்றன என்று எங்கள் கூடத்திலேயே ஆண்டுதோறும் முணுமுணுப்பார்கள்.

2018, 2022 ஆகிய மாநாடுகளின் கட்டுரைகள் இணையத்திற் கட்டணமின்றி வாசிக்கக் கிடைக்கின்றன. எழுதுவதற்கு முன் அவற்றிற் காபன் படலங்கள் பற்றியவற்றையாவது பாருங்கள். கடவுச்சீட்டு, விசா அலுவல்களைச் சுருக்கம் ஏற்கப்பட்ட அன்றே தொடங்கிவிடுங்கள். எழுதும்போது, முழுதாகக் கிடைத்த படலங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் உடைந்தவற்றின் எண்ணிக்கையையும், ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் உடைந்தது என்பதையும் அட்டவணையாகத் தாருங்கள். மதிப்பீட்டுக் குழுவில் நான் இருந்தால் முதலில் அந்த அட்டவணையைத்தான் பார்ப்பேன்.